முன்வரிசை சோபா

என் சித்தப்பா சக்கரபாணிக்கு நல்லவர்கள் என்றாலே ஆகாது. கெட்டவன் என்றால் கூட ஒரு வழி உண்டு, எதில் கெட்டவன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு ஒதுங்கிவிடலாம். நல்லவன் என்று நாலு பேர் சொல்லிவிட்டால் போதும், அவருக்குச் சோறு இறங்காது. ஒரு குறையும் சொல்லவில்லை என்றால் ஊரே கூடி எதையோ மறைக்கிறது என்பார்.

போளூர் ரோட்டில் அவருக்கு உரக்கடை. சுற்றுவட்டாரத்தில் எந்த ஊரானாலும் அங்கிருந்து யாராவது யூரியா வாங்க வருவார்கள். அதனால் எங்கள் சொந்தத்தில் கல்யாணப் பேச்சு எழுந்தால் விசாரிக்கிற வேலை அவர் தலையில் வந்து விழும். விழுவதென்ன, அவரே இழுத்துப் போட்டுக்கொள்வார். மூட்டையைச் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டிக் கொடுத்தபடியே, உங்கள் ஊரில் இன்னார் வீடு எப்படி என்று ஆரம்பிப்பார். ஒரு ஆளைப் பற்றி அந்த ஆளிடமே கேட்கக் கூடாது, பக்கத்தில் இருப்பவனிடம்தான் கேட்க வேண்டும் என்பது அவர் கட்சி.

நான் அவருடைய அண்ணன் மகள் கஸ்தூரி. அப்பா தண்டராம்பட்டுப் பக்கம் கிராமத்தில் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் திருவண்ணாமலையில் யூனியன் ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்ததும் என்னைச் சித்தப்பா வீட்டில் கொண்டுவந்து விட்டார். கூடவே என் கல்யாணப் பொறுப்பையும் தம்பியிடமே விட்டுவிட்டார். சித்தப்பாவுக்குப் பிள்ளை இல்லை, என்மேல் உயிர். அதுதான் வினையாகப் போயிற்று. மற்ற பெண்களுக்கு நடந்த விசாரிப்பு எனக்கு நாலு மடங்காக நடந்தது.

ஆரணிப் பையன் கடைக்கு வந்த இடத்தில் தீக்குச்சியால் காது குடைந்தானாம், பொறுமை இல்லாதவன். செங்கத்துப் பையன் சேர்ந்த நாளிலிருந்து ஒரே வேலையில் இருந்தான், முன்னேறத் தெரியாதவன். வேட்டவலத்துப் பையன் வேலை மாற்றினான், நிலை இல்லாதவன். கலசபாக்கத்துப் பையன்மேல் ஒரு குற்றமும் சொல்ல ஆளில்லை. மற்றவர்களையாவது இரண்டு நாள் யோசித்துத் தள்ளினார், இவனை அன்றைக்கே தள்ளினார். எனக்கு இருபத்தாறு முடிந்துவிட்டது. ஆபீஸில் எனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் பிரசவ லீவில் போக, அவர்கள் வேலையையும் சேர்த்து நான் டைப் அடித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் ராமகிருஷ்ணன் ஜாதகம் வந்தது. எண்பத்தைந்தாம் வருஷம், தீபம் முடிந்து ஊரில் கூட்டம் கலைந்த சமயம். சேத்துப்பட்டுப் பக்கம் கிராமம், நஞ்சை உள்ள குடும்பம், பையனுக்கு மெட்ராஸில் சர்க்கார் ஆபீஸில் கிளார்க் வேலை. பொருத்தம் சரியாக இருந்தது. போட்டோக்கள் கைமாறின. போட்டோவில் அவர் சிரிக்கவில்லை, ஆனால் போட்டோக்காரர் அந்தப் பக்கம் போனதும் சிரித்திருப்பார் என்று தோன்றுகிற முகம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. இவரையாவது விட்டு வைக்கச் சொல்லுங்கள் என்று சித்தி சரோஜாவிடம் கெஞ்சினேன். சித்தி சரி என்றாள். ஆனால் சித்தப்பாவிடம் அவள் சொல் எடுபட்டதை நான் பார்த்ததே இல்லை.

மார்கழி பிறந்தது. மார்கழியில் சம்பந்தம் பேசக் கூடாது. விசாரிப்பதற்கு அப்படி ஒரு தடையும் இல்லை. சேத்துப்பட்டிலிருந்து உரம் வாங்க வந்த ஒருவர், பையன் தங்கமான பையன், மெட்ராஸில் லீவு நாளில் ஏதோ கொட்டு அடிக்கிறானாம், அதைத் தவிர ஒரு பழக்கமும் கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார். சித்தப்பாவுக்குத் தங்கமும் பிடிக்கவில்லை, கொட்டும் பிடிக்கவில்லை. அந்த வாரமே கடைச் சுவரில் ஒரு போஸ்டர் ஒட்டப்பட்டது. செங்கம் ரோட்டுக் கல்யாண மண்டபத்தில் மெட்ராஸ் இளைஞர்களின் இன்னிசை, அனுமதி இலவசம். கீழே பெயர்கள். கிடார், பீட்டர். டிரம்ஸ், சேத்துப்பட்டு ராமகிருஷ்ணன்.

ஒட்ட வந்தவர் மண்டபத்து மேனேஜர் அப்பாசாமி. மார்கழியில் கல்யாணம் இல்லாமல் மண்டபம் சும்மா கிடப்பதால் கம்மி வாடகைக்குக் கொடுத்துவிட்டாராம். பீட்டர் என்பவர் அதே ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற வெள்ளைக்காரர். மெட்ராஸ் பையன்கள் அவருடைய சிநேகிதர்கள். சினிமாப் பாட்டே பாட மாட்டார்களாம், எல்லாம் சொந்தமாகக் கட்டிய பாட்டுகள் என்று அப்பாசாமி பெருமையாகச் சொன்னார். சித்தப்பா அதை அன்று சாப்பிடும்போது எங்களிடம் சொல்லிவிட்டு, சொந்தப் பாட்டு என்றால் தப்பாகப் பாடினாலும் யாருக்கும் தெரியாது இல்லையா, அதற்குத்தான் இந்த ஏற்பாடு என்றார்.

வெள்ளைக்காரன், செங்கம் ரோடு, மெட்ராஸ், கொட்டு. அவருக்கு இது போதும். கஞ்சா இல்லாமல் இத்தனையும் ஒன்று சேராது என்று முடிவு கட்டிவிட்டார். நேரில் போய்ப் பார்ப்பது, குடும்பத்தோடு போவது, அப்படிப் போனால்தான் யாருக்கும் சந்தேகம் வராது என்று திட்டம் போட்டார். பெண் பார்க்க அவர்கள் வருவதற்கு முன்னால் பெண்ணை அங்கே கூட்டிப்போவது முறையில்லை, பையன் அடையாளம் கண்டுகொள்வான் என்று சித்தி தடுத்துப் பார்த்தாள்.

"அவன் பார்த்தது ஸ்டூடியோ போட்டோ. அதுல அப்பின பவுடருக்கு அவ அம்மாவுக்கே அடையாளம் தெரியாது" என்றார் சித்தப்பா.

எனக்குக் கோபம் வந்தாலும் வாயை மூடிக்கொண்டேன். எப்படியாவது அவரைப் பார்த்துவிட்டால் போதும் என்றிருந்தது. நல்ல புடவையாக எடுத்துக் கட்டினேன். விசாரிக்கப் போகிற இடத்துக்கு எதற்கு இந்த அலங்காரம் என்று சித்தப்பா அதற்கும் ஒரு பார்வை பார்த்தார்.

எங்கள் ஊரில் எந்தக் கூட்டமானாலும் பின்னாலிருந்துதான் நிரம்பும். முன்வரிசை பெரிய மனுஷர்களுக்கு, கூப்பிடாமல் அங்கே யாரும் உட்கார மாட்டார்கள். அன்றும் அப்படித்தான். உள்ளூர்ப் பையன்கள் வாசற்படியை அடைத்துக்கொண்டு நின்றார்கள். வெள்ளைக்காரர்கள் ஓர் ஓரமாகப் பாய் விரித்துச் சம்மணம் போட்டிருந்தார்கள். நடுவில் நாற்காலிகள் பாதிக்குமேல் காலி. எல்லாவற்றுக்கும் முன்னால், ரிசப்ஷனுக்குப் போடுகிற சிவப்பு வெல்வெட் சோபா ஒன்றை அப்பாசாமி போட்டு வைத்திருந்தார். சித்தப்பா நேராகப் போய் அதில் உட்கார்ந்தார். எங்களையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"பின்னால இருந்தா மூஞ்சிதான் தெரியும். கை தெரியணும். ஒருத்தன் யோக்கியதை கையிலதான் இருக்கு" என்றார் என் காதில்.

மண்டபத்தில் புகை மண்டியிருந்தது. சித்தப்பா மூக்கை விடைத்துக்கொண்டு நான்கு பக்கமும் மோந்தார். கொசுவுக்காக அப்பாசாமி போட்ட சாம்பிராணி அது. தூபக்காலைக் கண்ணால் பார்த்த பிறகும், வேறு வாசனையை மறைப்பதற்காகவும் சாம்பிராணி போடலாம் என்றார்.

மேடையில் நாலு பேர். முன்னால் நீளத் தாடியும் ஜிப்பாவுமாகப் பீட்டர். இன்னொரு கிடாரோடு மெட்ராஸ் பையன் ஒருவன். நடுவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண். கறுத்து, மெலிந்து, கைத்தறிப் புடவையில், எண்ணெய் வைத்து இறுகப் பின்னிய சடையோடு, எங்கள் ஆபீஸில் ஒருத்தியாக இருந்திருக்கலாம். அவர்களுக்குப் பின்னால் டிரம்ஸுக்கு நடுவே ராமகிருஷ்ணன். போட்டோவை விட நன்றாக இருந்தார். ஒளிந்து உட்கார்ந்திருக்கிறான் பார் என்றார் சித்தப்பா. டிரம்ஸ் என்றால் பின்னால்தான் வைப்பார்கள் என்று சித்தி மெல்லச் சொன்னாள். யோக்கியனாக இருப்பவன் முன்னால் வைக்கச் சொல்ல மாட்டானா என்று அவர் திருப்பிக் கேட்டார்.

முதல் பாட்டு ஆரம்பித்தது. என்ன சொல்ல, நான் அதுவரை பாட்டைக் காதால்தான் கேட்டிருக்கிறேன். ரேடியோவிலும் டூரிங் கொட்டகையிலும் தெருக்கூத்திலும் கேட்டதெல்லாம் காதோடு சரி. இது நெஞ்சுக்குழியில் வந்து இடித்தது. அவர் காலால் பெரிய டிரம்மை மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் சோபா ஸ்பிரிங் அதிர்ந்து என் முதுகுத்தண்டில் ஏறியது. கண்ணாடி வளையல் தானாகக் கிலுங்கியது. கிடார் கீறிக்கொண்டு கிளம்பியபோது பயந்து சித்தியின் கையைப் பிடித்தேன். பயம் போனபிறகும் விடவில்லை. மேடை எங்களுக்குக் கையெட்டும் தூரம். அவர் நெற்றியில் வேர்வை திரண்டு மூக்கு நுனியில் வந்து நிற்பதும் தலையை உதறுவதும் தெரிந்தது. அந்தப் பெண் மூச்சிழுப்பது மைக்கில் கேட்பதற்கு முன்னால் அவளிடமிருந்தே எனக்குக் கேட்டது.

இரண்டாவது பாட்டில் என் கால் தாளம் போட ஆரம்பித்தது. சித்தி என் காலை மிதித்தாள். மூன்றாவது பாட்டில் மிதித்த கால் தாளம் போட்டது. வாசற்பக்கம் இருந்து சினிமாப் பாட்டுப் பாடு என்று ஒரு குரல் வந்தது, ஒருவரும் சட்டை செய்யவில்லை. இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. இந்த மனுஷரைக் கட்டிக்கொண்டால் வீட்டில் தினமும் இந்தச் சத்தம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அக்கம்பக்கத்தில் சண்டைக்கு வருவார்கள், வரட்டும் என்றும் நினைத்தேன்.

சித்தப்பா மட்டும் அசையவில்லை. வேட்டியை மடித்துத் தொடையில் இடுக்கிக்கொண்டு டிரம்ஸ்காரர் கையையே பார்த்திருந்தார். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே அந்தப் பெண் ஒரு பிளாஸ்கைத் திறந்து டம்ளரில் எதையோ ஊற்றினாள். சித்தப்பா நிமிர்ந்தார்.

"இதோ வந்துடுச்சி" என்றார்.

அவள் டம்ளரை ஊதி ஆற்றி, திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டினாள். ராமகிருஷ்ணன் ஆணியை முடுக்கிக்கொண்டே நிமிர்ந்து பார்க்காமல் வாங்கிக் குடித்தார். பாதி குடித்துவிட்டுத் திருப்பி நீட்டினார். மீதியை அவள் குடித்தாள். அவ்வளவுதான். அவர் கேட்கவில்லை, அவள் கூப்பிடவில்லை, நன்றி சொல்லவில்லை. எங்கள் வீட்டில் சித்தி, சித்தப்பாவுக்கு இத்தனை வருஷமாகக் காப்பி கொடுக்கிறாள், அவளுக்குக் கூட இது வராது. இரண்டு பேருக்கும் நடுவில் என்னவோ இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. சித்தப்பாவின் வியாதி எனக்கும் ஒட்டிக்கொண்டது என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

சித்தப்பா எழுந்து, தண்ணீர் குடிக்கப் போகிறவர் மாதிரி மேடையோரம் போய், கீழே வைத்திருந்த டம்ளரை எடுத்து மோந்து பார்த்துவிட்டு வந்தார். சுக்குக் காப்பி என்றார். அவருக்கு ஏமாற்றமாக இருந்தது. அதில் என்ன இருக்கிறது என்றுதான் அவர் பார்த்தார். நான் அதற்குப் பிறகு அந்த இரண்டு பேரை விட்டு வேறெதையும் பார்க்கவில்லை. அவள் ஒரு அடி தள்ளி நின்று பாடினால் அவர் தலை அந்தப் பக்கம் சாய்ந்தது. அவள் இழுத்தால் அவர் காத்திருந்தார். கச்சேரியில் எல்லோரும் அப்படித்தானே இருப்பார்கள், சேர்ந்து வாசிப்பவர்கள் பார்த்துக்கொள்ளாமல் எப்படி என்று மனசு ஒரு பக்கம் வாதாடியது. பாட்டு நன்றாக இருக்க இருக்க எனக்குப் பயம் ஜாஸ்தி ஆனது.

நடுவில் பாட்டு நின்றது. அப்பாசாமி மேடையேறி மைக்கைப் பிடித்தார். எந்த நிகழ்ச்சியானாலும் ஒரு பிரமுகருக்குப் பொன்னாடை போர்த்தி அவரை இரண்டு வார்த்தை பேச வைக்காவிட்டால் அவருக்கு நிகழ்ச்சியாகவே படாது. அதற்காக அழைத்திருந்த யாரோ வரவில்லை. பொன்னாடை மட்டும் கையில் இருந்தது. முன்வரிசையில் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் சித்தப்பாவும் இருந்தார்.

"நமது நகரின் உர வணிகர், பெரியவர், அண்ணன் சக்கரபாணி அவர்களை மேடைக்கு அழைக்கிறோம்" என்றார் அப்பாசாமி.

சித்தப்பா முகத்தில் ஈயாடவில்லை. யாருக்கும் தெரியாமல் விசாரிக்க வந்த மனுஷர். வாசற்பக்கம் அவரைத் தெரிந்த பையன்கள் விசிலடித்துக் கை தட்டினார்கள். வேறு வழியில்லாமல் ஏறினார். பளபளவென்ற பச்சைப் பொன்னாடை அவர் தோளில் விழுந்தது. கையில் மைக்கைத் திணித்தார்கள். பெயரைக் கேட்டதும் ராமகிருஷ்ணன் தலை நிமிர்ந்தது. அவர் பார்வை சித்தப்பாவிடமிருந்து இறங்கி, காலியான இடத்தைத் தாண்டி, என்மேல் வந்து நின்றது. பவுடர் இல்லாமலே என்னை அடையாளம் தெரிந்துவிட்டது.

சித்தப்பா எல்லோருக்கும் வணக்கம் சொன்னார். தம் குரலைத் தாமே அவ்வளவு பெரிதாகக் கேட்டதில் அவருக்கு ஒரு தெம்பு வந்தது. மேடைப் பேச்சு வராத மனுஷருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், அதைச் செய்தார். திரும்பி டிரம்ஸ்காரரைப் பார்த்து விசாரிக்க ஆரம்பித்தார். எந்த ஊர், யார் மகன், எந்த ஆபீஸ், எதற்காக இந்தக் கொட்டு. கூட்டம் இதை நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று எடுத்துக்கொண்டு சிரித்தது. ராமகிருஷ்ணன் எழுந்து நின்று ஒவ்வொன்றுக்கும் மரியாதையாகப் பதில் சொன்னார். பீடி, சிகரெட், அதுக்கும் மேலே ஏதாவது உண்டா என்று சித்தப்பா கேட்டார்.

"ஒரு தடவை இழுத்துப் பார்த்தேங்க. வாந்தி எடுத்துட்டேன். அதோட சரி" என்றார்.

மண்டபமே சிரித்தது. சித்தப்பாவும் சிரித்தார். அவர் சிரித்ததும் எனக்குப் புரிந்துவிட்டது, பையன் பாஸ். ஒரு குறையைத் தானே ஒப்புக்கொண்டவனிடம் மறைக்க ஒன்றும் இருக்காது என்பது அவர் கணக்கு. போகிற போக்கில் கேட்பது போலக் கடைசியாக ஒன்று கேட்டார்.

"இந்தப் பொண்ணு உங்களுக்கு என்ன வேணும் தம்பி?"

ராமகிருஷ்ணன் அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"தங்கச்சி மாதிரிங்க" என்றார்.

எல்லோரும் கை தட்டினார்கள். பாய் விரித்த வெள்ளைக்காரர்கள் விஷயம் புரியாமல் அவர்களும் தட்டினார்கள். சித்தப்பா பொன்னாடையோடு இறங்கி வந்து சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தார். அடுத்த பாட்டு ஆரம்பித்தது. கடைசி பஸ்ஸு போயிடுச்சி, கையைக் காட்டி நிக்கிறேன் என்று ஆரம்பிக்கிற பாட்டு. அவள் முதலடி பாடினாள், இரண்டாம் அடிக்கு வாய் திறந்தாள். குரல் வரவில்லை. ராமகிருஷ்ணன் அடியை நிறுத்தாமல் வேகத்தைக் கூட்டினார், பீட்டர் கிடாரில் புகுந்துகொண்டார். அவள் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, புடவைத் தலைப்பால் முகத்தை ஒற்றிக்கொண்டு, மறுபடி திரும்பிப் பாடினாள். பின்னால் இருந்தவர்களுக்கு அது பாட்டிலே ஓர் இடம். விசிலடித்தார்கள். சித்தப்பா தொடையில் தாளம் போட்டார்.

முடிந்ததும் அப்பாசாமி அவரைப் பிடித்துக்கொண்டார். சித்திக்குத் தெரிந்தவர்கள் யாரோ வந்திருந்தார்கள். கை கழுவிவிட்டு வருகிறேன் என்று சொல்லி நான் பின்பக்கம் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனேன். வரிசையாக இலை போடும் மேஜைகள் காலியாகக் கிடந்தன. குழாயடியில் அவள் பிளாஸ்கைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் யார் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"தெரியும். போட்டோ பார்த்திருக்கேன். எங்கிட்டதான் முதல்ல காட்டினாரு" என்றாள்.

பேர் கேட்டேன். திரௌபதி என்றாள். மெட்ராஸில் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலையாம். சுற்றி வளைக்க எனக்குத் தெரியவில்லை. அவர் மேடையில் சொன்னது நிஜமா என்று கேட்டுவிட்டேன். அவள் குழாயை மூடினாள்.

"மைக்குல வச்சிக் கேட்டா வேற என்னாங்க சொல்ல முடியும்?"

அப்புறம் நான் கேட்காமலே சொன்னாள். அவர் ஊர்தான் அவளும். அவர்கள் ஊருக்குள், இவள் காலனியில். பள்ளிக்கூடத்திலிருந்து பழக்கம். மெட்ராஸ் போன பிறகு பாட்டு. அவர் அப்பாவிடம் பேசுகிறேன் என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் ஊருக்குப் போவாராம், பேசாமல் திரும்பி வருவாராம். அவர் ரொம்ப நல்லவர், தைரியம்தான் இல்லை, என்னை நன்றாக வைத்துக்கொள்வார் என்று எனக்கே சிபாரிசு பண்ணினாள்.

"நீங்க கட்டிக்குங்க. ஆனா இத யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. எங்கண்ணன் இன்னும் ஊர்லதான் இருக்கு. குழந்தைங்க இருக்கு."

அதற்கு மேல் அவள் விளக்கவில்லை, விளக்க வேண்டியதும் இல்லை. நானும் கிராமத்தில் பிறந்தவள்தான். இந்த மாதிரி விஷயம் வெளியே வந்தால் எந்தப் பக்கத்து வீடுகள் எரியும் என்று எனக்குத் தெரியும். அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த மனுஷர்மேல் வந்தது. மூன்று பாட்டுக்கு என்னைச் சந்தோஷமாக வைத்திருந்து, ஒரு வார்த்தையில் இரண்டு பெண்களைக் கீழே இறக்கிவிட்டார். திரும்பி வரும்போது மேடையில் அவர் டிரம்ஸைப் பிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். நான் நிற்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சித்தப்பா பேசிக்கொண்டே வந்தார். மடியில் கனம் இல்லாத பையன், கேட்டதற்கெல்லாம் பளிச்சென்று பதில் சொன்னான், அந்தப் பாட்டும் கேட்கக் கேட்கப் பரவாயில்லை என்றார். சித்திக்கு ஆச்சரியம். நான் படுத்ததும் தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதேன். எனக்கு அவரைப் பிடித்திருந்தது, அதுதான் அழுகை. அந்தச் சத்தம் இன்னும் உடம்பை விட்டுப் போகவில்லை.

மறுநாள் காலை சித்தப்பா குளித்து, நெற்றி நிறைய விபூதி வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பொன்னாடை மடிப்புக் கலையாமல் அலமாரி மேல் இருந்தது. தை பிறந்ததும் சேத்துப்பட்டு போய் உறுதி பண்ணிவிடலாம், அண்ணனுக்கு ஆள் அனுப்பிச் சொல்லிவிடுகிறேன் என்றார். எத்தனை வருஷம் நான் இந்த வார்த்தைக்குக் காத்திருந்தேன்.

"எனக்கு வேணாம் சித்தப்பா" என்றேன்.

அவருக்குக் காது கேட்கவில்லையோ என்று மறுபடி சொன்னேன். ஏன் என்றார். பிடிக்கவில்லை என்றேன். நேற்று நான் காலால் தாளம் போட்டதைத் தாம் பார்த்ததாகச் சொன்னார். பாட்டுப் பிடித்தது, ஆளைப் பிடிக்கவில்லை என்றேன். வெறும் போட்டோவைப் பார்த்தே பிடித்திருக்கிறது என்று என்னிடம் சொன்னாயே என்று சித்தி கேட்டாள். ஊர் முழுக்கக் கேட்கும்படி மைக்கிலேயே விசாரித்தேனே, இதற்கு மேல் ஒருத்தன் எப்படிச் சுத்தமாக இருப்பான் என்று சித்தப்பா குரலை உயர்த்தினார். பிறகு திடீரென்று நிறுத்தினார். அவர் கண் சுருங்கியது. மூட்டையில் எடை குறைகிறது என்று தோன்றினால் அவர் பார்க்கிற பார்வை அது. அதை நான் எத்தனையோ பேர்மேல் பார்த்திருக்கிறேன், என்மேல் விழுந்ததில்லை.

"யாரு அவன்?" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. ஆபீஸில் யாராவதா, நேற்று அந்தப் புடவை யாருக்காகக் கட்டினாய், கை கழுவப் போகிறேன் என்று பின்பக்கம் போய் அவ்வளவு நேரம் யாரோடு பேசிக்கொண்டிருந்தாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வந்த வரனெல்லாம் தட்டிப்போனபோது இவள் ஒரு தடவையாவது வருத்தப்பட்டாளா என்று சித்தியைக் கேட்டார். தட்டிவிட்டவர் தாம்தான் என்பதே அவருக்கு மறந்துவிட்டது. சித்தி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அவளும் பார்த்ததுதான் என்னால் தாங்க முடியவில்லை.

ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் தப்பித்துவிடலாம். ஆனால் அந்த வார்த்தை சாயங்காலத்துக்குள் யூரியா மூட்டையோடு சேத்துப்பட்டு போய்ச் சேர்ந்துவிடும். திரௌபதியின் அண்ணன் முகம் எனக்குத் தெரியாது. இருந்தாலும் அவர் பிள்ளைகள் வாசலில் விளையாடுகிற மாதிரி கண்ணுக்குள் வந்தது.

"நீங்கதான் எல்லாரையும் விசாரிப்பீங்களே சித்தப்பா. என்னையும் விசாரிச்சிக்குங்க" என்றேன்.

டிபன் பாக்ஸை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு ஆபீஸுக்குக் கிளம்பினேன். கோயில் மதிலோரம் திரும்பும்போது பின்னால் ஒரு சைக்கிள் மெதுவாக வருவது கேட்டது. நான் நின்றால் அது நின்றது, நடந்தால் வந்தது. ஒரு தடவைதான் திரும்பிப் பார்த்தேன். சித்தப்பா காலை ஊன்றிக்கொண்டு பூக்கடையைப் பார்ப்பது போல நின்றார். உரக்கடைக்கு அந்த வழியாகப் போக முடியாது.